தை பிறந்தால்தான் சூரியன் திரும்புகிறதா?

(அறிவியலும் சமயமும்: இளைஞர் வகுப்புப் பாடம்)



பொங்கல் வரும்போதெல்லாம் இளைஞர் வகுப்பில் ஒரு கேள்வி எழும். "தை முதல் நாள் சூரியன் வடக்கே திரும்புது, அதுதான் உத்தராயணம்னு கோயில்ல சொல்றாங்க. ஸ்கூல்ல புவியியல் டீச்சர் டிசம்பர் 21-லேயே திரும்பிடுச்சுன்னு சொல்றாங்க. எது சரி?"

கேட்ட பிள்ளைக்குப் பெரும்பாலும் கிடைப்பது இரண்டு பதில்களில் ஒன்று. "பெரியவங்க சொன்னா கேட்டுக்கணும்" என்பார்கள். இல்லாவிட்டால், "பஞ்சாங்கம் எல்லாம் சும்மாப்பா" என்பார்கள். முதல் பதிலைக் கேட்டவன் அடுத்த கேள்வி கேட்க மாட்டான். இரண்டாவது பதிலைக் கேட்டவன் அடுத்த பொங்கலுக்குக் கோயிலுக்கு வருவானா என்பது சந்தேகம். உண்மையான பதில் வேறு. அதைப் புரிந்துகொள்ள வானியல் பட்டம் தேவையில்லை. கோப்பெங்கில் நம் வீட்டு வாசலில் நட்டு வைக்கும் ஒரு மீட்டர் குச்சியே பாதி விடையைச் சொல்லிவிடும்.

1. இரண்டு அசைவு, ஒரு சாய்வு

பூமி தன் அச்சில் தானே சுழல்கிறது, சூரியனையும் சுற்றி வருகிறது என்று தமிழ்ப்பள்ளியிலேயே படித்திருப்பீர்கள். கோப்பெங் இருக்கும் இடத்தில் சுழலும் வேகம் மணிக்குச் சுமார் 1,670 கிலோமீட்டர். சூரியனைச் சுற்றும் வேகம் நொடிக்குச் சுமார் 30 கிலோமீட்டர்.

இவ்வளவு வேகம் ஏன் நமக்குத் தெரியவில்லை? கி.பி. 499-ஐ ஒட்டி ஆரியபட்டர் எழுதிய 'ஆரியபட்டீயம்' இதற்கு ஓர் உவமை சொல்கிறது. படகில் முன்னால் போகிறவனுக்குக் கரையில் நிற்கும் பொருள்கள் பின்னால் போவதுபோல் தெரியும். அதுபோல, அசையாத நட்சத்திரங்கள் மேற்கே போவதாக நமக்குத் தெரிகிறது என்றார் அவர். பூமி ஒருமுறை சுழல எடுக்கும் நேரத்தை அவருடைய எண்களிலிருந்து கணக்கிட்டால் 23 மணி 56 நிமிடம் 4 நொடி வருகிறது. இன்றைய கருவிகள் சொல்வதும் அதேதான்.

பகலும் இரவும் சுழற்சியால் வருகின்றன. ஆனால் பகல் நீள்வதும் குறைவதும் சுழற்சியால் மட்டும் வருவதில்லை. அதற்குக் காரணம் சாய்வு. பூமியின் அச்சு நிமிர்ந்து நிற்கவில்லை, 23.4 பாகை, அதாவது டிகிரி, சாய்ந்திருக்கிறது. பூமி சூரியனைச் சுற்றும்போது இந்தச் சாய்வின் திசை மாறுவதில்லை. ஆண்டு முழுவதும் அது துருவ நட்சத்திரப் பக்கமே காட்டிக்கொண்டிருக்கும்.

வகுப்பில் இதைச் செய்து பாருங்கள். அறை விளக்கை அணைத்துவிட்டு நடுவில் ஒரு குத்துவிளக்கை ஏற்றுங்கள். ஓர் ஆரஞ்சுப் பழத்தில் சாத்தே குச்சியைக் குத்திக் கொஞ்சம் சாய்த்துப் பிடியுங்கள். குச்சியின் மேல்முனை எப்போதும் ஒரே சுவரைப் பார்க்க வேண்டும். அப்படியே விளக்கை ஒரு சுற்று வலம் வாருங்கள். ஓரிடத்தில் மேல்முனை விளக்கைப் பார்த்துச் சாய்ந்திருக்கும். அது ஜூன். நேர் எதிர்ப்பக்கம் போனால் விளக்கை விட்டு விலகிச் சாய்ந்திருக்கும். அது டிசம்பர். இடையில் இரண்டு இடங்களில் குச்சி விளக்கின் பக்கமும் சாயாது, விலகியும் சாயாது. அங்கே வெளிச்சத்தின் விளிம்பு பழத்தின் மேல்முனையையும் கீழ்முனையையும் தொட்டுக்கொண்டு போகும். அந்த இரண்டு இடங்கள்தான் சம இரவு நாள்கள். ஒன்று மார்ச் 20 அல்லது 21, இன்னொன்று செப்டம்பர் 22 அல்லது 23. அன்று உலகத்தின் எந்த ஊரிலும் பகல் ஏறக்குறைய 12 மணி நேரம்.

"சூரியனுக்குப் பக்கத்துல போனா கோடை, தள்ளிப் போனா குளிர்" என்று சிலர் நினைக்கிறார்கள். அது தவறு. பூமி சூரியனுக்கு மிக அருகில் இருப்பது ஜனவரி முதல் வாரத்தில், பொங்கலுக்குச் சில நாள் முன்பு. அப்போது தூரம் சுமார் 14 கோடியே 71 லட்சம் கிலோமீட்டர். அதே வாரத்தில்தான் ஐரோப்பா குளிரில் நடுங்குகிறது.

2. கோப்பெங்கில் என்ன தெரிகிறது?

கோப்பெங் பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 4.5 பாகையில் இருக்கிறது. ரேகைக்கு இவ்வளவு அருகில் இருப்பதால் நம் பகல் அதிகம் மாறுவதில்லை. ஜூன் 21-இல் சுமார் 12 மணி 23 நிமிடம். டிசம்பர் 21-இல் சுமார் 11 மணி 52 நிமிடம். வித்தியாசம் அரை மணி நேரம்தான். சென்னையில் இது ஒன்றரை மணி நேரம். லண்டனில் எட்டரை மணி நேரத்துக்கும் மேல்.

நம் தாத்தா பாட்டிமார் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலத்தில் தை மாதமானாலும் ஆடி மாதமானாலும் ஏறக்குறைய ஒரே நேரத்துக்குப் பெரட்டுக்குப் போக முடிந்தது இதனால்தான். வெயில் ஏறினால் பால் வடிவது குறையும் என்பதால் விடியற்காலை வேலை. அந்த விடியல் நேரம் இங்கே ஆண்டு முழுவதும் பெரிதாக நகர்வதில்லை.

பகலின் நீளம் மாறாத ஊரில் பால்மரத்துக்குக் காலம் எப்படித் தெரிகிறது? பூமத்திய ரேகைப் பகுதியில் அது ஆண்டுக்கு இரண்டு முறை, சம இரவு நாள்களை ஒட்டிய மாதங்களில், பூக்கிறது. அந்த நாள்களில் சூரியன் தலைக்கு நேரே வந்து வெயில் மிகக் கடுமையாக அடிப்பதே காரணம் என்று 2007-இல் வெளிவந்த ஓர் ஆய்வு விளக்கம் சொன்னது. நமக்குக் கண்ணில் படாத சம இரவு நாளை மரம் வெயிலை வைத்துக் கண்டுகொள்கிறது.

சரி, கடிகாரத்தில் நடுப்பகல் 12 மணிக்குச் சூரியன் உச்சிக்கு வருமா? கோப்பெங்கில் வராது. மதியம் ஒன்றேகால் மணியை ஒட்டித்தான் வரும். நம் கடிகாரம் 120 பாகை கிழக்குத் தீர்க்கரேகைக்கு வைத்தது. நாம் இருப்பதோ சுமார் 101 பாகையில். 1982 ஜனவரி 1-ஆம் தேதி தீபகற்ப மலேசியாவின் நேரத்தை அரை மணி முன்னே தள்ளி, சபா சரவாக்கோடு ஒன்றாக்கினார்கள். அதற்கு முன்பு இங்கே உச்சிவேளை முக்கால் மணியை ஒட்டி இருந்தது. காலையில் ஏழேகாலாகியும் சூரியனைக் காணோமே என்றால் இதுதான் காரணம். போதாததற்குக் கிழக்கே தித்திவங்சா மலைத்தொடர் வேறு மறைக்கிறது.

இப்போது குச்சிக்கு வருவோம். சமதரையில் ஒரு மீட்டர் உயரக் குச்சியை நேராக நட்டு, உச்சிவேளையில் நிழலை அளந்தால் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

டிசம்பர் 21 (மதியம் 1.13): நிழல் வடக்கே 53 செ.மீ.
ஜனவரி 14, தை முதல் நாள் (1.24): வடக்கே 48 செ.மீ.
மார்ச் 20, சம இரவு நாள் (1.23): வடக்கே 8 செ.மீ.
ஏப்ரல் 1 (1.19): நிழல் இல்லை
ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு (1.15): தெற்கே 8 அல்லது 9 செ.மீ.
ஜூன் 21 (1.17): தெற்கே 34 செ.மீ.
செப்டம்பர் 11 (1.12): நிழல் இல்லை
செப்டம்பர் 23, சம இரவு நாள் (1.08): வடக்கே 8 செ.மீ.

முதல் இரண்டு வரிகளைத் திரும்பப் பாருங்கள். நிழல் மிக நீண்டது டிசம்பர் 21-இல். பொங்கலன்று அது 5 செ.மீ. குறைந்தே விட்டது. அதாவது நாம் பொங்கல் வைக்கும்போது சூரியன் ஏற்கெனவே வடக்கு நோக்கித் திரும்பி 24 நாள் ஆகியிருக்கும். புவியியல் ஆசிரியர் சொன்னது சரிதான். அப்படியானால் பஞ்சாங்கம் தவறா? அதற்குப் பதில் சொல்லும் முன், சூரியன் மாதக்கணக்கில் உதிக்காத ஊருக்கு ஒரு நடை போய் வருவோம்.

3. துருவத்தில் ஒரு நாள்

ஆரஞ்சுப் பழத்தின் மேல்முனையில் ஓர் எறும்பு உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். பழம் எத்தனை முறை சுழன்றாலும் எறும்பு அதே இடத்தில்தான் நிற்கும். முனை விளக்கைப் பார்த்துச் சாய்ந்திருக்கும் வரை அதற்கு வெளிச்சம். விலகிச் சாய்ந்திருக்கும் வரை இருட்டு. வட துருவத்தில் இதுதான் நடக்கிறது. மார்ச் சம இரவு நாளை ஒட்டிச் சூரியன் உதிக்கும். செப்டம்பர் சம இரவு நாளை ஒட்டி மறையும். நடுவில் ஆறு மாதம் ஒரே பகல். ஓர் ஆண்டுக்கு ஒரு விடியல், ஓர் அந்தி.

துருவத்தில் ஊர் இல்லை. கொஞ்சம் தெற்கே, நார்வே நாட்டில் 69.6 பாகையில் துரோம்சோ என்ற நகரம் இருக்கிறது. அங்கே மே 20 தொடங்கி ஜூலை 22 வரை சூரியன் மறைவதில்லை. நவம்பர் 27 தொடங்கி ஜனவரி 15 வரை உதிப்பதில்லை. வட நார்வேயில் மீன் பதப்படுத்தும் ஆலைகளில் வேலை செய்யப் போன இலங்கைத் தமிழர் பலர் இப்படிப்பட்ட வானத்தின் கீழ் குடும்பம் நடத்தினார்கள். ஜூன் மாதத்தில் அங்கே பொழுது சாய்வதைப் பார்த்து விளக்கு ஏற்ற முடியாது. கடிகாரத்தைப் பார்த்துத்தான் ஏற்ற வேண்டும்.

துரோம்சோவில் சூரியன் அடிவானத்துக்கு மேல் திரும்பி வருவது நம் பொங்கலை ஒட்டி. ஆனால் மலை மறைப்பதால் சில நாள் கழித்துத்தான் கண்ணில் படும். ஜனவரி 21-ஆம் தேதியைச் 'சூரிய நாள்' என்று வைத்து, ஊரே இனிப்பு பன் சாப்பிட்டுக் கொண்டாடுகிறது. மலைக்குப் பின்னால் எட்டிப் பார்க்கும் சூரியனை நமக்கும் தெரியும். நாம் காத்திருப்பது சில நிமிடங்கள். அவர்கள் காத்திருப்பது ஏழெட்டு வாரங்கள்.

4. தேவர்களின் பகல்

"நமக்கு ஒரு வருஷம், தேவர்களுக்கு ஒரு நாள்" என்று பாட்டி சொல்லிக் கேட்டிருப்பீர்கள். மார்கழி தேவர்களுக்கு வைகறை, ஆடியில் அவர்களுக்கு இரவு தொடங்குகிறது என்பதும் அதோடு சேர்ந்த நம்பிக்கை. 'சூரிய சித்தாந்தம்' என்ற பழைய வானியல் நூல் இதை இடத்தோடு சொல்கிறது. தேவர்கள் வசிக்கும் மேரு வட முனையில் இருக்கிறது; சூரியன் மேஷத்தில் நுழைந்தது முதல் ஆறு ராசிகளைக் கடக்கும் வரை அவர்களுக்குத் தொடர்ந்து பகல்; எதிர் முனையில் உள்ள அசுரர்களுக்கு அப்போது இரவு. துருவத்துக்கு யாரும் போய்ப் பார்க்காத காலத்தில், பூமி உருண்டை என்பதையும் சூரியன் போகும் பாதையையும் வைத்துக் கணக்குப் போட்டு எட்டிய முடிவு இது.

இங்கே கூர்மையான பிள்ளை ஒன்று கேட்கும்: "அண்ணே, கணக்குப்படி துருவத்துல சூரியன் உதிக்கிறது சம இரவு நாள்ல. அப்புறம் ஏன் உத்தராயணத்தைத் தேவர்களோட பகல்னு சொல்றோம்? டிசம்பர்ல அங்க நட்ட நடு ராத்திரி ஆச்சே!"

நல்ல கேள்வி. தமிழில் ஏறுபொழுது, இறங்குபொழுது என்ற சொற்கள் உண்டு. சூரியன் ஏறிக்கொண்டிருக்கும் நேரம் ஒன்று, இறங்கிக்கொண்டிருக்கும் நேரம் மற்றொன்று. உத்தராயணத்தை அப்படிப் பாருங்கள். டிசம்பரில் துருவத்தின் நள்ளிரவு. அதன்பின் சூரியன் அடிவானத்துக்குக் கீழேயே மெல்ல ஏறத் தொடங்குகிறது, மார்ச்சில் உதிக்கிறது, ஜூனில் உச்சிக்கு வருகிறது. இந்த ஆறு மாதமும் ஏறுமுகம், அதுவே உத்தராயணம். சூரிய சித்தாந்தம் சொல்வது சூரியன் கண்ணுக்குத் தெரியும் பகல். ஆங்கில நாள் நள்ளிரவில் தொடங்குகிறது, பஞ்சாங்க நாள் சூரிய உதயத்தில் தொடங்குகிறது. இரண்டையும் நாம் தினமும் பயன்படுத்துகிறோம் அல்லவா? அதுபோல இதுவும் இரண்டு விதமான எண்ணிக்கை.

5. அந்த 24 நாள் எங்கே போனது?

அச்சின் சாய்வு எப்போதும் ஒரே பக்கம் காட்டும் என்று முதலில் சொன்னேன். ஓராண்டுக்கு அது போதும். ஆயிரம் ஆண்டுக் கணக்கில் அது போதாது. வேகம் குறையும் பம்பரத்தைக் கவனித்திருப்பீர்கள். சுழன்றுகொண்டே அதன் தலை மெதுவாக வட்டம் போடும். பூமியின் அச்சும் அப்படித்தான். ஒரு வட்டம் முடிய ஏறக்குறைய 26,000 ஆண்டு ஆகும். ஒரு பாகை நகரவே 72 ஆண்டு, ஏறக்குறைய ஒரு மனித ஆயுள். இதை அயன சலனம் என்பார்கள்.

இதனால் ஆண்டு இரண்டு வகையாகிறது. ஒரு சம இரவு நாளிலிருந்து அடுத்த ஆண்டின் அதே சம இரவு நாள் வரை எண்ணினால் 365.2422 நாள். ஆங்கில நாள்காட்டி இதைப் பின்பற்றுகிறது. பஞ்சாங்கத்தில் இதன் பெயர் சாயனம். ஒரு நட்சத்திரத்தை விட்டுப் புறப்பட்ட சூரியன் அதே நட்சத்திரத்துக்குத் திரும்பும் வரை எண்ணினால் 365.2564 நாள். இது நிராயனம். நம் தமிழ் மாதங்கள் இதன்படி நடக்கின்றன. இரண்டுக்கும் வித்தியாசம் ஆண்டுக்குச் சுமார் 20 நிமிடம். எழுபது ஆண்டில் அது ஒரு நாளாகிறது.

சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன்னால் இரண்டும் ஒன்றாக இருந்தன. தை பிறந்த நாளில்தான் சூரியன் வடக்கே திரும்பியது. சித்திரை முதல் நாளும் ஐப்பசி முதல் நாளும் சம இரவு நாள்கள். இதற்குச் சாட்சி மொழியிலேயே இருக்கிறது. விஷுவம் என்றால் பகலும் இரவும் சமமாகும் நேரம். கேரளத்தில் சித்திரை பிறப்பை விஷு என்கிறார்கள். குற்றாலம் கோயிலில் இன்றும் சித்திரை விசு, ஐப்பசி விசு என இரண்டு திருவிழாக்கள் நடக்கின்றன. பெயர் அங்கேயே நின்றுவிட்டது. சம இரவு மட்டும் பங்குனி, புரட்டாசி மாதங்களின் முதல் வாரத்துக்கு நகர்ந்துவிட்டது.

நகர்வு இன்றும் நடக்கிறது. சுவாமி விவேகானந்தர் 1863 ஜனவரி 12-ஆம் தேதி பிறந்தார். அன்று மகர சங்கராந்தி, அதாவது தை முதல் நாள். இப்போது அதே சங்கராந்தி ஜனவரி 14 அல்லது 15-இல் வருகிறது. 160 ஆண்டில் இரண்டு நாளுக்கு மேல் தள்ளிப் போயிருக்கிறது.

இதை நம் முன்னோர் அறியாமல் இல்லை. அயனாம்சம் என்ற பெயரில் அந்த வித்தியாசத்தைக் கணக்கிட்டு வந்தார்கள். இன்று அது சுமார் 24 பாகை. சூரியன் ஒரு நாளுக்கு ஏறக்குறைய ஒரு பாகை நகர்வதால், 24 பாகை என்றால் 24 நாள். டிசம்பர் 21-க்கும் ஜனவரி 14-க்கும் உள்ள இடைவெளி அதுவே.

இதைச் சரிசெய்ய வேண்டும் என்று சொன்னவர்களும் உண்டு. இயற்பியலாளர் மேகநாத் சாகா தலைமையில் இந்திய அரசு நாள்காட்டிச் சீர்திருத்தக் குழு ஒன்றை 1952-இல் அமைத்தது. அதன் பரிந்துரைப்படி 1957 மார்ச் 22 முதல் இந்தியத் தேசிய நாள்காட்டி நடைமுறைக்கு வந்தது. அதன் ஆண்டு சம இரவு நாளை ஒட்டித் தொடங்குகிறது. கோயில் பஞ்சாங்கமோ நட்சத்திரக் கணக்கிலேயே தொடர்கிறது.

6. அடுத்த பொங்கலுக்கு என்ன சொல்வது?

தம்பி ஒருவன் கேட்டால் இப்படிச் சொல்லுங்கள்: "தை முதல் நாள் சூரியன் மகர ராசியில நுழையுது. அது நட்சத்திரக் கணக்கு. சூரியன் வடக்கே திரும்புறது டிசம்பர் 21-ஐ ஒட்டி. அது பருவக் கணக்கு. ஒரு காலத்துல ரெண்டும் ஒரே நாள்ல வந்துச்சு. பூமியோட அச்சு மெதுவா ஆடுறதால இப்ப 24 நாள் விலகிப் போச்சு."

இப்படிச் சொன்னால் பொங்கலுக்கு ஒரு குறையும் வராது. சூரியனுக்கு நன்றி சொல்ல அது திரும்பிய நாளாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் "இன்னிக்குத்தான் திரும்புது, அறிவியலே ஒத்துக்கிட்டாச்சு" என்று மேடையில் பேசாதீர்கள். படிவம் மூன்று படிக்கும் பிள்ளை குச்சி நட்டு அளந்து பார்த்தால் அது பொய் என்று கண்டுபிடித்துவிடும். பிறகு நாம் சொல்லும் மற்ற உண்மைகளையும் அது நம்பாது.

வகுப்பில் செய்ய:

அ) கோயில் வளாகத்தில் வெயில் படும் சமதரையில் ஒரு மீட்டர் குச்சி நடுங்கள். டிசம்பர் 21, தை முதல் நாள், மார்ச் 20, சித்திரை முதல் நாள் ஆகிய நான்கு நாளும் மேலே சொன்ன நேரத்தில் நிழலை அளந்து குறித்து வையுங்கள். மேகம் மூடினால் அடுத்த நாள் அளக்கலாம்.

ஆ) ஏப்ரல் 1, செப்டம்பர் 11 தேதிகளில் கொடிமரமோ கம்பமோ உள்ள இடத்தில் உச்சிவேளையில் கூடி நில்லுங்கள். நிழல் அடியிலேயே ஒடுங்குவதைப் படம் எடுத்து வாட்சப் குழுவில் பகிருங்கள். சூரியனை நேராகப் பார்க்க வேண்டாம்.

வகுப்பில் பேச:

அ) அச்சு சாயாமல் நிமிர்ந்து நின்றிருந்தால் துரோம்சோவில் பகல் எவ்வளவு நேரம் இருக்கும்? கோப்பெங்கில் என்ன மாறும்?

ஆ) பண்டிகை நாள்களைப் பருவக் கணக்குக்கு மாற்ற வேண்டுமா, நட்சத்திரக் கணக்கிலேயே விடலாமா? இரண்டு அணியாகப் பிரிந்து காரணத்தோடு வாதிடுங்கள்.

இ) மார்கழியைத் தேவர்களின் வைகறை என்பதை ஏறுபொழுது விளக்கத்தோடு பொருத்திப் பாருங்கள். எங்கே பொருந்துகிறது, எங்கே பொருந்தவில்லை?

நிழல் அளவுகளை எழுதி வைத்திருங்கள். அடுத்த பொங்கல் வகுப்பில் எல்லாருடைய கணக்கையும் ஒப்பிட்டுப் பார்ப்போம்.